கோயிலும் பாலர் பள்ளியும் இருக்கும் வளாகத்தில் பூச்சிமருந்தைக் குறைப்பது எப்படி?

கேள்வி: டர்பனில் எங்கள் கோயிலோடு சேர்ந்து ஒரு கல்யாண மண்டபமும், பின்பக்கம் பாலர் பள்ளியும் இருக்கின்றன. மாதம் ஒருமுறை ஆள் வந்து எல்லா இடத்திலும் மருந்து அடித்துவிட்டுப் போகிறார். பல வருடமாக இப்படித்தான். ஆனாலும் மடப்பள்ளியில் கரப்பான், மண்டபத்தில் எலி. பிள்ளைகளைப் பெற்றவர்கள் கவலைப்படுகிறார்கள். மருந்தைக் குறைத்தால் பூச்சி பெருகிவிடும் என்று பராமரிப்புக் குழுவில் சிலர் பயப்படுகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்:

வணக்கம் அண்ணா. குறைக்கலாம், தாராளமாகக் குறைக்கலாம். முதலில் நிறுத்த வேண்டியது அந்த மாதாந்திர அடிப்பைத்தான். நானும் இந்த ஊரில் கட்டடப் பராமரிப்பு வேலையில்தான் இருக்கிறேன். பள்ளி, அடுக்குமாடி, கோயில் என்று எங்கே போனாலும் ஒரே கதையைத்தான் பார்க்கிறேன். நாம் பணம் கொடுப்பது மருந்து அடிப்பதற்கு. அதனால் நமக்குக் கிடைப்பதும் மருந்து அடிப்புதான். பூச்சி எங்கிருந்து வருகிறது, எதைத் தின்கிறது, எந்த ஓட்டையில் படுக்கிறது என்று பார்க்க யாருக்கும் சம்பளம் இல்லை. அந்தப் பார்வைக்குச் சம்பளம் கொடுக்க ஆரம்பித்தால் மருந்து தானாகக் குறைந்துவிடும்.

குழுவில் பயப்படுகிறவர்களுக்கு ஒரு உதாரணம் சொல்லுங்கள். அமெரிக்காவில் வாஷிங்டன் பகுதியில் உள்ள மத்திய அரசுக் கட்டடங்களில் 1988 வாக்கில் நாள் குறித்து மருந்து அடிக்கும் பழக்கத்தை விட்டுவிட்டு, சோதனை, பொறி, ஓட்டை அடைப்பு என்று மாற்றினார்கள். பத்து வருடத்தில் பூச்சிக்கொல்லிப் பயன்பாடு 90 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. பூச்சி பற்றி ஊழியர்கள் செய்த புகாரும் கூடவே குறைந்தது. சான் பிரான்சிஸ்கோ நகரம் 1996-இல் தன் கட்டடங்களுக்கும் பூங்காக்களுக்கும் இதைச் சட்டமாகவே கொண்டுவந்தது. ஆகவே இது புதுப் பரிசோதனை ஒன்றும் இல்லை.

அடித்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் மாகாணத்திலேயே பாடம் இருக்கிறது. 1996-இல் மலேரியாக் கொசுவுக்கு டிடிடி அடிப்பதை நிறுத்தி, பைரித்ராய்டு வகை மருந்துக்கு மாறினார்கள். சில வருடங்களில் அந்த மருந்தை எதிர்த்து நிற்கும் அனோஃபிலிஸ் ஃபுனெஸ்டஸ் கொசு குவாசூலு-நட்டாலின் வட எல்லைக்குத் திரும்பி வந்தது. 2000-இல் நாடு முழுக்க மலேரியா நோயாளிகள் 60,000-ஐத் தாண்டினார்கள். அதன் பிறகு டிடிடியைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. உயிர் காக்க மருந்து தேவைப்படும் இடம் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் டர்பன் மலேரியாப் பகுதி இல்லை. உங்கள் மண்டபத்துச் சுவர் ஓரத்தில் மாதாமாதம் தெளிக்கப்படுவதும் பெரும்பாலும் அதே பைரித்ராய்டு வகைதான். பலவீனமான கரப்பான் செத்து, தாங்குகிற கரப்பான் மட்டும் குட்டி போடுகிறது.

சரி, மடப்பள்ளிக்கு வருவோம். உங்கள் பிரச்சினையின் வேர் அங்கேதான் இருக்கும்.

மடப்பள்ளியில் பெரும்பாலும் காண்பது சின்னதாக, பழுப்பாக, தலைக்குப் பின்னால் இரண்டு கறுப்புக் கோடு உள்ள ஜெர்மன் கரப்பான். அது சூடும் ஈரமும் உள்ள இடுக்கில்தான் பொழுதெல்லாம் கிடக்கும். ஃப்ரிட்ஜ் மோட்டார் பக்கம், அடுப்பு மேடைக்கு அடியில், ஸ்விட்ச் பெட்டிக்குள், தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில். பெண் கரப்பான் முட்டைப் பையைச் சுமந்துகொண்டே திரியும். அதில் 30 முதல் 40 குஞ்சுகள் இருக்கும். அந்த நேரத்தில் அது வெளியே வருவதே அபூர்வம். சுவர் ஓரம் தெளித்த மருந்து அதைத் தொடாது. மருந்து வாடைக்குப் பயந்து சில கரப்பான்கள் பக்கத்து அறைக்கு இடம் மாறும், அவ்வளவுதான்.

இதற்கு ஜெல், அதாவது மருந்து கலந்த இரைப் பசை, வைப்பதுதான் சரியான வழி. கடுகளவுப் புள்ளியாக இடுக்குக்குள் மட்டும் வைக்க வேண்டும். தின்ற கரப்பான் தன் இடத்துக்குப் போய்ச் சாகும். அதன் கழிவையும் உடலையும் தின்கிற மற்றவையும் சாகும். ஜெல் வைத்த இடத்தில் யாரும் ஸ்ப்ரே அடிக்கக் கூடாது. அடித்தால் கரப்பான் ஜெல்லைத் தொடாது. ஜெல்லும் மருந்துதான் என்று கேட்பீர்கள். ஆமாம், ஆனால் ஒரு அறைக்குச் சில கிராம், அதுவும் பிள்ளை கைக்கு எட்டாத பிளவுக்குள். தரையெல்லாம் லிட்டர் கணக்கில் தெளிப்பதோடு அதை ஒப்பிடவே முடியாது.

ஜெல் வைக்கும் முன்பே ஒட்டுப்பொறி வையுங்கள். இதில் மருந்தே இல்லை, பசை தடவிய அட்டை மட்டும்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண், வைத்த தேதி. அடுப்புக்குப் பின்னால், தொட்டிக்குக் கீழே, சாமான் அறைக் கதவு மூலையில், மண்டபத்து மேடைக்கு அடியில் என்று வைத்து, ஒரு வாரம் கழித்து எதில் எத்தனை விழுந்தது என்று நோட்டில் எழுதுங்கள். இரண்டு பொறியில் நிறைய விழுந்து, மற்றதெல்லாம் காலியாக இருந்தால் உங்கள் பிரச்சினை அந்த இரண்டு மூலையில்தான். முழு வளாகத்துக்கும் எதற்கு மருந்து? மொத்தத் திட்டத்திலும் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்த நோட்டுதான். இதில்லாமல் மருந்தைக் குறைக்கப் போனால் குழுவில் யாராவது ஒருவர் ஒரு கரப்பானைப் பார்த்ததும் பழைய ஆளைத் திரும்பக் கூப்பிட்டுவிடுவார்.

கோயிலுக்கென்று சில தனிச் சங்கதிகள் உண்டு. கட்டடப் பராமரிப்புக் கையேடுகளில் இவை இருக்காது. அபிஷேகப் பாலும் தேனும் பஞ்சாமிர்தமும் கோமுகி வழியாக எங்கே போய் விழுகிறது என்று ஒரு நாள் கூடவே நடந்து பாருங்கள். பல கோயிலில் அது சுவர் ஓரத்துக் குழியில் தேங்கி நிற்கும். எறும்புக்கும் ஈக்கும் கரப்பானுக்கும் அது தினசரி விருந்து. அபிஷேகம் முடிந்ததும் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதும், குழியின் மேல் சின்னக் கண் உள்ள வலைமூடி போடுவதும், வாரம் ஒருமுறை அதைக் கழற்றித் தேய்ப்பதும் போதும். உடைத்த தேங்காய், வாழைப்பழம், நைவேத்தியச் சாதம் இரவு தங்கக் கூடாது. அரிசி, பருப்பு, சர்க்கரை எல்லாம் மூடி இறுகும் டிரம்மில், தரையிலிருந்து ஒரு அடி உயர்த்தி, சுவரை ஒட்டாமல் இருக்க வேண்டும். விளக்கெண்ணெய் சிந்திய மாடங்களையும் விடாதீர்கள். எலி எண்ணெய்த் திரியைக்கூட இழுத்துக்கொண்டு போகும்.

மண்டபத்தில் சனிக்கிழமை கல்யாணம் முடிந்தால், நகராட்சி வண்டி வருகிற நாள் வரை சாப்பாட்டு மூட்டைகள் பின்கட்டில் கிடக்கும். எலி வருவதற்கு வேறு காரணமே வேண்டாம். மூடி பொருந்துகிற பெரிய சக்கரத் தொட்டி வாங்குங்கள். கறுப்புப் பிளாஸ்டிக் பையை எலி ஒரே இரவில் கிழித்துவிடும். மண்டபம் வாடகைக்கு விடும்போது அன்றைய குப்பையை அன்றே அகற்ற வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி, முன்பணத்தோடு கட்டிவிடுங்கள்.

எலிக்கு அடுத்த வேலை ஓட்டை அடைப்பு. சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் இடுக்கு போதும், பெரிய எலிக்கு 12 மில்லிமீட்டர். இரவில் மண்டபத்துக்குள் நின்று கதவுக்கு அடியில் வெளிவெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் கதவின் அடியில் பிரஷ் அல்லது ரப்பர் பட்டை போட வேண்டும். குழாய் சுவருக்குள் போகிற இடத்தில் ஸ்டீல் உல் திணித்து மேலே சிமென்ட் பூசுங்கள். வெறும் நுரை அடைப்பை எலி கடித்துவிடும். கூரையைத் தொடும் மரக்கிளைகளை வெட்டுங்கள், டர்பனில் கறுப்பு எலி கூரை வழியாகத்தான் அதிகம் வருகிறது. இதெல்லாம் செய்தபிறகு மிஞ்சியதை ஸ்நாப் பொறி பார்த்துக்கொள்ளும். பிள்ளைகள் இருப்பதால் பொறியைப் பூட்டுள்ள பெட்டிக்குள் வையுங்கள்.

எலி விஷத்தை நான் கடைசியில் வைக்கிறேன். புரோடிஃபாகோம் போன்ற இரண்டாம் தலைமுறை விஷம் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாள் தள்ளாடித் திரியும். அப்போது அதைப் பிடிப்பது ஆந்தை, புனுகுப் பூனை, வீட்டு நாய். விஷம் அவற்றின் ஈரலில் சேரும். நம்மவர்களுக்கு ஆந்தை என்றால் அபசகுனம் என்ற நினைப்பு இன்னும் போகவில்லை, ஜூலு மக்களிடமும் அந்தப் பயம் உண்டு. ஜோகன்னஸ்பர்க்கில் அலெக்சாண்ட்ரா பகுதிப் பள்ளிகளில் கூகை என்ற ஆந்தை வாழ மரப்பெட்டி வைத்து, பிள்ளைகளையே அவற்றைப் பார்த்துக்கொள்ள வைத்தார்கள். விஷத்துக்குப் பதிலாகப் பறவை, அதோடு பயமும் தெளிந்தது. உங்கள் வளாகத்திலும் பெரிய மரம் இருந்தால் செய்யலாம். ஆனால் குப்பையைச் சரிசெய்யாமல் ஆந்தையை நம்ப முடியாது. விஷம் வைக்கிற இடத்தில் ஆந்தைப் பெட்டி வைப்பதும் பாவம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ரயில் நிலையப் பக்கமும் சந்தையிலும் சின்னப் பொட்டலத்தில், லேபிள் இல்லாத பாட்டிலில் விற்கும் எலி மருந்தை யாரும் வாங்கவே கூடாது. துப்புரவு வேலையாள் நல்லெண்ணத்தில் வாங்கி வந்துவிடுவார், அவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். 2024 அக்டோபரில் சொவேட்டோவின் நலேடி பகுதியில் ஆறு குழந்தைகள் இறந்தார்கள். காரணம் டெர்புஃபாஸ் என்று சுகாதார அமைச்சர் அறிவித்தார். விவசாயத்துக்கு மட்டும் அனுமதிக்கப்பட்ட கடும் விஷம் அது. எலித் தொல்லைக்காகத் தெருவில் கூறுபோட்டு விற்கப்பட்டது. அதற்கு முன்பு ஆல்டிகார்ப் என்ற இன்னொரு விவசாய விஷம் இதே மாதிரி விற்றது. எலி இரண்டு அடி நடப்பதற்குள் சாகும் என்பதால் அதற்கு ‘டூ ஸ்டெப்’ என்று தெருப் பெயர். டெர்புஃபாஸைத் தடைசெய்ய 2025 ஜூனில் அமைச்சரவை ஒப்புதல் தந்தது. சட்டம் வந்தாலும் பொட்டலம் அடுத்த நாளே சந்தையிலிருந்து மறைந்துவிடாது. இதை எழுதும்போதே எனக்கு மனசு பதறுகிறது, ஏனென்றால் எலி வராமல் தடுக்கக் கதவுக்கு அடியில் ஒரு பட்டையும், மூடியுள்ள குப்பைத் தொட்டியும் இருந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

பாலர் பள்ளிக்குள் தெளிப்பு மருந்து எந்த வடிவிலும் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பிள்ளைகள் தரையில் தவழ்கிறார்கள், கையை வாயில் வைக்கிறார்கள். உடல் எடைக்கு ஏற்பப் பார்த்தால் பெரியவர்களைவிட அதிகக் காற்றை இழுக்கிறார்கள். எறும்பு வந்தால் முதலில் சோப்புத் தண்ணீரால் அதன் தடத்தைத் துடையுங்கள். பிறகு உள்ளே வரும் ஓட்டையை அடையுங்கள். மிஞ்சினால், சர்க்கரைத் தண்ணீரில் ஒரு சதவீதம் போரிக் அமிலம் கலந்து, மூடிய பெட்டியில், வெளிச்சுவர்ப் பக்கம் பிள்ளை கைக்கு எட்டாமல் வையுங்கள். எறும்பு அதைக் கூட்டுக்குக் கொண்டுபோகும். அதிகமாகக் கலந்தால் எறும்பு வழியிலேயே செத்துவிடும், கூட்டுக்குப் போகாது. எறும்புச் சாக்குக்கட்டி வேண்டவே வேண்டாம். அதில் இருப்பதும் பூச்சிக்கொல்லிதான், பார்க்கப் பள்ளிக்கூடச் சாக்குக்கட்டி மாதிரியே இருக்கும். அந்துருண்டையும் அப்படித்தான், குழந்தை அதை மிட்டாய் என்று விழுங்கினால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்துபோகும் ஆபத்து உண்டு.

கொசுவுக்குப் புகை அடிப்பதைவிடத் தேங்கிய தண்ணீரைத் தேடுங்கள். டர்பன் வெயிலில் முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆகவே வாரம் ஒரு நாள் குறித்து, கூரை ஓரத்து மழைநீர்க் கால்வாய், பூந்தொட்டித் தட்டு, ஓரமாகக் கவிழ்க்காமல் கிடக்கும் பித்தளைக் குடம், பழைய டயர் எல்லாவற்றையும் காலிசெய்தால் சுழற்சி அறுந்துவிடும். காலிசெய்ய முடியாத குளம் இருந்தால் பிடிஐ என்ற பாக்டீரியா மாத்திரை போடலாம், அது முக்கியமாகக் கொசுப் புழுவைத்தான் கொல்லும். கம்பூசியா மீன் விடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், இந்த நாட்டில் அது ஆக்கிரமிப்பு இனம். இங்கத்திய சிறு மீன் போதும்.

வெளி மைதானத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நம் கோயில் மைதானம் மற்ற இடங்களைப் போல் இல்லை. காவடிக்கும் தீமிதிக்கும் ஜனங்கள் வெறுங்காலோடு வருகிறார்கள். இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் புனித வெள்ளித் திருவிழாவுக்குக் கூடும் கூட்டத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். குழந்தைகள் புல்லில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். திருவிழாவுக்கு முன் வாரம் வளாகம் ‘சுத்தமாக’ இருக்க வேண்டும் என்று களைக்கொல்லி அடிப்பது பல இடத்தில் வழக்கம். அப்படி அடிக்கும் களைக்கொல்லிகளில் ஒன்றான கிளைஃபோசேட்டை, அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் வகைப்படுத்தியது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை போன்றவை அதை ஏற்கவில்லை. அந்த வாதம் எப்படி முடிந்தாலும், விரதம் இருந்து வெறுங்காலில் வருகிறவர்களின் பாதையில் அதை அடிக்க ஒரு நியாயமும் இல்லை. களை அங்கே யாருக்கும் கெடுதல் செய்யவில்லை, பார்வைக்குத்தான் உறுத்துகிறது.

நடைபாதைக் கல் இடுக்கில் வளர்வதற்குக் கொதிக்கும் தண்ணீர் போதும், மடப்பள்ளியில் அதற்குப் பஞ்சமில்லை. இளசாக இருக்கும்போது ஊற்ற வேண்டும், மழைக்காலத்தில் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை. அப்புறம் அந்த இடுக்கில் சிமென்ட் கலவையை நிரப்பிவிட்டால் வளர இடமே இருக்காது. உப்பும் வினிகரும் பாத்திர சோப்பும் கலந்து தெளிக்கச் சொல்லிச் செய்தி சுற்றுகிறதே, அந்த உப்பு மண்ணைக் கெடுக்கும், கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். இயற்கை முறை என்று சொல்லிக்கொண்டு மண்ணைச் சாகடிக்க வேண்டாம்.

புல்தரையில் களை வருவதற்குப் பெரும்பாலும் நாமே காரணம். மரநிழலில் கிக்கூயூ புல் போட்டால் அது மெலிந்து வழுக்கை விழும், அங்கே களை ஏறும். நிழலில் எல்எம் புல் நன்றாக வரும், அது இந்தக் கடற்கரைக்கே உரிய புல். இயந்திரத்தின் பிளேடை உயர்த்தி, புல்லைக் கொஞ்சம் நீளமாகவே விட்டு வெட்டச் சொல்லுங்கள். ஒட்ட வெட்டினால் வேர் பலவீனமாகும், வெயில் மண்ணில் பட்டுக் களை விதை முளைக்கும். செடிப் பாத்திகளில் மரத்தூளோ சருகோ நாலு விரல் கனத்துக்குப் போடுங்கள். ஆனால் சுவரை ஒட்டிப் போடாதீர்கள், கறையான் வழி தேடிக்கொள்ளும்.

இன்னொன்று, நம் ஊரில் மழைநீர் வடிகால் கழிவுநீரோடு சேர்வதில்லை. முற்றத்தில் விழுந்தது ஓடைக்கும் அங்கிருந்து கடலுக்கும் போகும். பைரித்ராய்டு மருந்துகள் மீனுக்கும் இறாலுக்கும் மிகச் சிறிய அளவிலேயே விஷம். 2021 ஜூலைக் கலவரத்தில் கார்னூபியாவில் வேளாண் ரசாயனக் கிடங்கு எரிந்தபோது மருந்து ஆற்றில் இறங்கி மீன்கள் செத்தன, உம்ஷ்லாங்கா பக்கக் கடற்கரைகளை மூடினார்கள். அது பேரழிவு. ஆனால் தெளிப்பான் டப்பாவை முற்றத்தில் கழுவி ஊற்றுகிற தோட்டக்காரருக்கும் தண்ணீர் போகும் பாதை அதுவேதான்.

அந்தத் தோட்டக்காரரைப் பற்றி யாரும் கேட்பதில்லை, நான் கேட்கிறேன். முதுகில் தெளிப்பானைக் கட்டி, அரைக்கால் சட்டையோடு, முகமூடி இல்லாமல் அவர் நிற்பதை எத்தனையோ வளாகத்தில் பார்க்கிறோம். வீட்டுக்குப் போய் அதே சட்டையோடு பிள்ளையைத் தூக்குவார். 1993-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புச் சட்டத்தின்படி பயிற்சியும் பாதுகாப்புக் கருவியும் கொடுப்பது வேலை கொடுப்பவரின் கடமை, கோயில் குழுவும் வேலை கொடுப்பவர்தான். லேபிளில் உள்ள எச்சரிக்கையை அவருக்கு ஜூலுவில் படித்துச் சொல்ல ஆள் வேண்டும். லேபிளின் கீழ்ப்பட்டை சிவப்பு என்றால் கடும் விஷம், மஞ்சள் அதற்கு அடுத்த நிலை. சிவப்பும் மஞ்சளும் உங்கள் வளாகத்துக்குள்ளேயே வரக் கூடாது என்று தீர்மானம் போட்டுவிடுங்கள். எலி எச்சத்தையும் புது ஓட்டையையும் முதலில் பார்ப்பது பெருக்குகிறவரும் தோட்டக்காரரும்தான். பொறிக் கணக்கு எழுதும் அந்த நோட்டை அவர்கள் கையில் கொடுங்கள்.

மரத்தேர், வாகனங்கள், பழைய கூரைச் சட்டங்கள் இருக்கின்றனவா? கீழே மணல் மாதிரி ஆறுபட்டைத் துகள் கொட்டிக்கிடந்தால் அது உலர்மரக் கறையான், டர்பனில் மிகச் சாதாரணம். மேலே தெளிக்கும் மருந்து மரத்துக்குள் இருப்பதை எட்டாது. பாதிப்பு சிறிதாக இருந்தால் அந்தத் துண்டை மாற்றுங்கள், இல்லாவிட்டால் துளைக்குள் ஊசி மூலம் செலுத்தும் ஆளைக் கூப்பிடுங்கள். இது மருந்து நியாயமாகத் தேவைப்படும் இடம்.

இப்போது ஒப்பந்தம். பழைய நிறுவனத்தையே வைத்துக்கொள்ளலாம், வேலையின் விவரத்தை மாற்றுங்கள். மாதம் ஒருமுறை வருவது சோதனைக்கு. பொறிகளைப் பார்த்து, எங்கே என்ன கண்டார், எந்த ஓட்டையை அடைக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். பூச்சி கண்ட இடத்தில் மட்டும், முதலில் பொறி, பிறகு ஜெல் அல்லது பெட்டிக்குள் இரை. தெளிப்பு என்றால் குழுவின் எழுத்து அனுமதியும், பெற்றோருக்கு மூன்று நாள் முன்னறிவிப்பும். வருகிறவர் உரம், பூச்சிமருந்து பற்றிய 1947-ஆம் ஆண்டின் 36-ஆம் சட்டப்படி பதிவு பெற்றவராக இருக்க வேண்டும், பதிவு எண்ணைக் கேளுங்கள். மருந்து டப்பாவிலும் ‘எல்’ என்ற எழுத்தோடு பதிவு எண் இருக்கும், அது இல்லாததைத் தொடவிடாதீர்கள். முதல் சில மாதம் செலவு கூடும், கதவுப் பட்டையும் வலையும் தொட்டியும் வாங்க வேண்டியிருக்கும். அதற்குப் பிறகு மருந்துச் செலவு குறையும். முதல் மாதமே ஒரு கரப்பானும் இருக்காது என்று குழுவுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். பொறிக் கணக்கு மாதாமாதம் இறங்குகிறதா என்று பாருங்கள். மடப்பள்ளியில் ஒன்று விழுந்தாலும் நடவடிக்கை வேண்டும். வெளி முற்றத்தில் நாலு பூச்சி இருந்தால் அது பாட்டுக்கு இருக்கட்டும்.

சாமான் அறையில் கிடக்கும் பழைய மருந்துப் பாட்டில்களை வடிகாலில் கொட்டவோ எரிக்கவோ வேண்டாம். பட்டியல் போட்டுப் பூட்டிவைத்து, அபாயக் கழிவு எடுக்கும் உரிமம் உள்ளவர்களிடம் ஒப்படையுங்கள். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் பாட்டிலோடு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். விஷத் தகவல் உதவி எண் 0861 555 777, அதை மடப்பள்ளிச் சுவரிலும் பள்ளி அலுவலகத்திலும் ஒட்டிவையுங்கள்.

இப்போதைய ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று எழுதுங்கள் அண்ணா. அதற்கு முன் ஒரு வாரம் ஒட்டுப்பொறி வைத்து, விழுந்ததைப் படம் எடுத்து அனுப்பினால் எந்த இனம், எங்கே ஆரம்பிக்க வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.